உபரி யாருக்கு? கரைப்பறவை பற்றிய இரு நூல்கள்

இயற்கையைப் பற்றிய நூல் என்றால் நம்மிடையே இருவகை வாசகர் உளர். ஒரு சாரார் அதனை அழகின் பொருட்டு வாசிப்பர். மறு சாரார் அதனை வாசிப்பதேயில்லை. சமுதாயப் பிரச்சினைகளில் ஈடுபாடுடையோர் பெரும்பாலும் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவர்களே. மனிதனே பட்டினி கிடக்கையில் பறவையின் பசியைப் பற்றிப் பேசுவது பொழுதுபோக்கு என்பது அவர்களின் வாதம். இவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், ஒரு பறவை ஏன் பட்டினி கிடந்தது, அதன் உணவை எடுத்தவர் யார், அதனைத் திருப்பிக் கொடுக்கும்படி ஒரு சட்டத்தை ஆக்குவித்தவர் யார் என்ற வினாக்களை எழுப்பினால் பேச்சு பறவையோடு நின்றுவிடாது. சந்தை, அரசு, தொழில், உடைமை ஆகிய யாவும் அதனுள் வந்துவிடும். பிலிப் ஹூஸ் 2012இல் வெளியிட்ட 'மூன்பேர்ட்', டெபோரா கிறேமர் 2015இல் வெளியிட்ட 'த நரோ எட்ஜ்' என்னும் இரு அமெரிக்க நூல்களை நாம் இந்நோக்கிலேயே ஈண்டு அணுகுகின்றோம்.

இரு நூல்களின் கதைப்பொருளும் ஒன்றே. ஆங்கிலத்தில் 'ரெட் நொட்' எனப்படும் பறவை நமது உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்தது. அளவில் மைனாவை ஒத்தது. கோடையில் அதன் முகமும் மார்பும் செங்கல் நிறங்கொள்ளும். இவ்வினத்தின் ஒரு பிரிவு தென்னமெரிக்காவின் தென்கோடியிலே, தியரா டெல் பியூகோவின் கரைகளிலே ஒரு பருவத்தைக் கழித்துவிட்டு, வடதுருவத்தை அண்டிய கனடாவிலே முட்டையிடச் செல்கிறது. ஒரு வழிக்கு ஏறத்தாழ 15,000 கிலோமீற்றர். இப்பயணத்தின் இறுதிப் பெருந் தரிப்பிடம், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூ ஜேர்சி, டெலவெயர் என்னும் இரு மாநிலங்களுக்கும் இடைப்பட்ட டெலவெயர் குடா. மே மாதத்தில் பறவை அங்கு வந்திறங்கும்போது அதன் நிறை ஏறத்தாழ 120 கிராம். இரண்டு வாரங்களில் அது 180 கிராமைத் தாண்டவேண்டும். தாண்டாவிடின் வடக்கே சென்று குஞ்சு பொரிக்கும் வலு அதற்கில்லை. நெடும்பறப்பின்போது அதன் அரைவைப்பை சுருங்கிவிடுவதால், வந்தவுடன் சிப்பி மட்டி போன்ற வன்னுணவை அதனால் அரைத்துச் செரிக்க இயலாது. மென்மையும் கொழுப்பும் உள்ள உணவொன்று வேண்டும்.

அவ்வுணவு, குதிரைலாட நண்டின் முட்டை. பெயரில் நண்டெனினும் இது நண்டினமன்று; சிலந்திக்கே நெருங்கிய உறவு. குதிரையின் இலாடம் போன்ற ஓடும் ஈட்டி போன்ற வாலும் கொண்ட இப்பிராணியின் குலம் ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. மே, யூன் மாதங்களில் பூரணையும் அமாவாசையும் கூடிய பெருவற்றுப் பெருக்குக் காலங்களில் இவை கூட்டங்கூட்டமாகக் கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. ஒரு பெண் நண்டு ஒரு பருவத்தில் எண்பதினாயிரம் முட்டைவரை இடும். இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்கப்படவேண்டும். முட்டைகள் மணலினடியில் ஆழமாகப் புதைக்கப்படுகின்றன. உள்ளானின் குறுகிய அலகு அங்கு எட்டாது. பிந்தி வரும் நண்டுகள் முந்தி வந்தவற்றின் குழிகளைக் கிளறிவிடும்போதும், அலை மணலை அரிக்கும்போதும் மேலே வந்து சிதறும் முட்டைகளே பறவைக்கு உணவாகின்றன. அம்முட்டைகள் எவ்வாறாயினும் பொரிக்கப்போவதில்லை. ஆதலால், நண்டு போதியளவு இருந்தாற் போதாது. ஒன்றன் குழியை மற்றொன்று கிளறுமளவுக்கு மிகுதியாய் இருக்கவேண்டும். பறவை வாழ்வது உபரியில்.

உபரி என்ற இச்சொல்லையே நாம் இவ்விரு நூல்களுக்கும் உரைகல்லாகக் கொள்கின்றோம். ஏனெனில், மீன்பிடித் துறையின் கணக்கேட்டிலும் இதே சொல் இருக்கிறது. ஓர் இனம் தன்னைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளத் தேவையான தொகைக்கு மேற்பட்டது உபரி. அதனைப் பிடிக்கலாம், விற்கலாம் என்பது அக்கணக்கின் அடிப்படை. அந்த உபரிக்கு ஏற்கெனவே ஓர் உரித்தாளி உண்டென்பது கணக்கேட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை. 1990களில் விலாங்குக்கும் சங்கினத்துக்கும் வைக்கும் கூடுகளில் இரையாக இட, குதிரைலாட நண்டுகள் அட்லாந்திக் கரையெங்கும் வாரியெடுக்கப்பட்டன. அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் இத்தொகை ஆண்டுக்கு இருபது இலட்சத்தைத் தாண்டியது. விலாங்குக் கூட்டுக்கு முட்டை நிறைந்த பெண் நண்டே சிறந்த இரை என்பதால் அழிவு இரட்டிப்பாயிற்று. நண்டு முதிர்ச்சியடைய ஒன்பது பத்து ஆண்டுகள் செல்லும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1989இல் குடாவிலே தொண்ணூறாயிரத்துக்கு மேல் எண்ணப்பட்ட ரெட் நொட் பறவைகள் 2004இல் பதின்மூவாயிரமளவுக்கு வீழ்ந்தன.

ஹூஸின் நூல் இளம் வாசகருக்கென எழுதப்பட்டது. 1995இல் ஆர்ஜென்டீனாவில் வளையமிடப்பட்டுப் பின்னர் 'பி95' என்ற குறியுடன் உலகறிந்த ஒரு தனிப்பறவையே அதன் நாயகன். தன் ஆயுளில் பறந்த தூரத்தைக் கூட்டினால் நிலவுக்குச் சென்று பாதிவழி திரும்பிவிடலாம் என்பதால் 'நிலாப்பறவை' என்று பெயர். தொகையாக மடியும் ஓர் இனத்தில் ஒன்றைத் தேர்ந்து, அதற்கொரு பெயரிட்டு, அதன் பின்னே வாசகனை நடத்திச் செல்வது பழைய உத்தி, வெற்றிபெறும் உத்தியுங்கூட. இறகு உதிர்தல், நிறை கூடுதல், காற்றின் திசை பார்த்தல் முதலியவற்றை அவர் விளக்கும் முறையில் ஆசிரியத் தொழில் புரியும் நாம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. பாடநூல் எழுதுவோர் இதனை ஒருமுறையேனும் படித்தல் நன்று.

ஆனால் தனிநாயகனை மையமாக வைத்தவுடன் கதையின் நியதி மாறிவிடுகிறது. பி95 பிழைத்ததா, அடுத்த ஆண்டும் வந்ததா என்பதே வாசகனின் பதைப்பாகிறது. அப்பறவையின் வலிமை போற்றப்படுகிறது. வலிமை குறைந்த எழுபதினாயிரம் பறவைகள் பின்புலமாகின்றன. நண்டுப்பிடி பற்றிய தகராறு நூலில் இடம்பெறுகிறது. விஞ்ஞானிகளின் முகச்சித்திரங்களும் உள்ளன. மேரிலாண்ட் மாநிலத்துப் பள்ளிச் சிறுவர் சிலர் தம்மை இப்பறவையின் நண்பர்கள் என அழைத்துக்கொண்டு ஆட்சியாளரிடம் வாதாடப் புறப்பட்ட செய்தியும் உண்டு. எனினும் இவை யாவும் பறவையின் பயணப்பாதையில் வந்துபோகும் தரிப்பிடங்களே. இக்குறை நமக்கு ஏமாற்றந் தருவதற்குக் காரணம் ஹூஸ் யார் என்பதுதான். 1955 மார்ச்சில், அலபாமா மாநிலத்து மொன்ற்கொமறி நகரில், வெள்ளையருக்காக பஸ் ஆசனத்தை விட்டெழ மறுத்த பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுமி கிளோடெற் கொல்வினின் வரலாற்றை 2009இல் எழுதியவர் அவர். ஒரு சிறுமியின் மறுப்பு, 1956இல் பஸ்ஸில் இனப்பிரிவினையை ஒழித்த வழக்காக எவ்வாறு வளர்ந்தது என்பதை அந்நூலிற் படிப்படியாகக் காட்டினார். அவரது எழுதுகோல் பறவையிடம் வந்ததும், போராட்டத்தை விட்டு வியப்பைப் பற்றிக்கொண்டது ஏனோ?

சட்டத்தின் வரலாற்றைச் சற்று விரித்து நோக்குவோம். நூல்களின் நிறைகுறை அப்போதுதான் துலங்கும். அமெரிக்காவிற் பறவைக்கு முதற் சட்டங்கள் வந்தது மக்கள் முயற்சியால்தான். 1896இல் பொஸ்ரன் நகரிலே ஹரியற் ஹெமன்வே, மின்னா ஹோல் என்னும் இரு பெண்கள், இறகு செருகிய தொப்பிகளை அணியமாட்டோம் என்று தம்மொத்த மாதரை ஒன்றுதிரட்டினர். வசதிபடைத்த குடும்பத்துப் பெண்கள்தாம். ஆயினும் அன்று வாக்குரிமையற்றவர்கள். அவ்வியக்கம் கிளைத்துப் பரந்ததன் பயன்களுள் ஒன்று 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம். கரைப்பறவைகளைச் சுட்டு அங்காடிக்கு அனுப்பும் தொழில் அதனோடு ஒழிந்தது.

அச்சட்டம் பறவையைத் துப்பாக்கியினின்று காத்தது. அதன் கலத்தினின்று உணவை எடுப்பவனை அது காணவில்லை. பறவையைக் கொன்றால் குற்றம். பறவையின் உணவை ஒரு கரை முழுவதிலுமிருந்து லொறியில் ஏற்றினால் அது தொழில். பறவை ஓர் அலுவலகத்தின் பொறுப்பு. நண்டு வேறோர் அலுவலகத்தின் சரக்கு. முதலாம் அலுவலகத்தில் உயிரியலாளர் அமர்ந்திருந்தனர். இரண்டாவதில் மீன்பிடித் தொழிலின் நலன்கள் அமர்ந்திருந்தன. 1990களில் தொடங்கிய புதிய இயக்கத்தின் சிறப்பு, இவ்விரு கோப்புகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததே எனலாம். பறவை ஆர்வலர், ஓய்வுபெற்றோர், மாணவர், கரையோரக் குடியிருப்பாளர் ஆகியோர் ஒவ்வொரு மே மாதமும் கடற்கரையில் நின்று பறவையையும் நண்டையும் எண்ணினர். அலையாற் கவிழ்ந்து மல்லாந்து கிடக்கும் நண்டுகளைக் கையால் நிமிர்த்திக் கடலுக்கு அனுப்பினர். இவ்வெண்ணிக்கைகளே பின்னர் சாட்சியங்களாயின.

சட்டம் நேர்கோட்டில் வரவில்லை. 1998இல் அட்லாந்திக் கரை மாநிலங்களின் மீன்பிடி ஆணைக்குழு முதலாவது நிருவாகத் திட்டத்தை வகுத்தது. 2001இல் குடாவின் வாயிலுக்கு வெளியே நண்டுக் காப்பகம் ஒன்று அமைந்தது. 2006இல் நியூ ஜேர்சி ஈராண்டுத் தடை விதித்தது. டெலவெயர் மாநிலமும் அதே வழியிற் செல்ல முயன்றபோது, தொழில்துறையினர் வழக்குத் தொடுத்தனர். 2007இல் நீதிமன்றம் அத்தடையைத் தள்ளுபடி செய்தது. நியூ ஜேர்சியிலே 2008இன் தொடக்கத்தில், தடையை நீடிக்கும் ஒழுங்குவிதியைக் கடல் மீன்பிடிச் சபை நிராகரித்தது. அச்சபைக்கு அவ்வதிகாரம் இருந்தது. ஆகவே மக்கள் சபையைக் கடந்து சட்டமன்றத்திடம் சென்றனர். ஒரு சில வாரங்களுள் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டு மார்ச்சில் ஆளுநர் ஜோன் கோசைன் கையொப்பமிட்டார். முதற் குற்றத்துக்குத் தண்டம் 10,000 டொலர்; மறுமுறை 25,000 டொலர். தண்டத்தினும் முக்கியமானது அச்சட்டத்தின் காலவரை: தடை நீங்கும் நாளை அது நாட்காட்டியிற் குறிக்கவில்லை, நண்டும் பறவையும் மீள்வதோடு பிணைத்தது. உபரிக்கு உரித்தாளி ஒருவர் உளர் என்று எழுத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது இங்குதான். மத்திய அரசு இப்பறவையை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக 2014 டிசெம்பரில் அறிவித்தது. முதல் மனுக்கள் எழுதப்பட்டுப் பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

கிறேமரின் நூல் இவ்வரலாற்றுக்கு ஹூஸினும் நெருங்கி நிற்கிறது. தியரா டெல் பியூகோ தொட்டு ஹட்சன் குடாவின் வடபுறத்துத் தீவுவரை அவர் பறவையின் தடத்தில் தாமே சென்றார். ஆனால் எந்தப் பறவையையும் நாயகனாக்கவில்லை. கரைதோறும் இறங்கி, முன்பு இங்கு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு, இடையில் எடுத்தவர் யார் என்றே கேட்கிறார். நாம் இன்று 'நிறைய' என்று கொள்வது முன்னையோர் கண்டதன் எச்சமே என்னும் உண்மையை அவர் அடுக்கும் விவரங்கள் உணர்த்துகின்றன. அவருடைய நடை சில இடங்களில் நிருபரின் குறிப்பேடு போலத் தட்டையாகிறது. பெயர்களும் இடங்களும் மிகுந்து வாசகன் களைப்படைகிறான். இருப்பினும் அக்களைப்பு, பொருளின் பரப்பினால் வருவது. அழகுணர்ச்சியைத் தூண்டி அனுதாபத்தை அறுவடை செய்யும் எழுத்தினும் இது மேலானது என்பதே நமது துணிபு.

கிறேமரின் சிறந்த பகுதிகள் நண்டின் இரத்தம் பற்றியவை. இப்பிராணியின் நீலநிற இரத்தம், நுண்ணுயிர் நஞ்சு பட்டவுடன் உறையும் இயல்புடையது. இதனைப் பயன்படுத்திய சோதனை 1977இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. அதன்பின் ஊசிமருந்துகளும் தடுப்பூசிகளும் இச்சோதனையைக் கடந்தே வைத்தியசாலைக்கு வருகின்றன. இதற்கென ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான நண்டுகள் பிடிக்கப்பட்டு, இரத்தம் எடுக்கப்பட்டு, மீண்டும் கடலில் விடப்படுகின்றன. அவற்றுள் நூற்றுக்குப் பதினைந்து இறக்கின்றன என மீன்பிடி ஆணைக்குழு கணக்கிடுகிறது. 2008ஆம் ஆண்டுத் தடை இத்தொழிலைத் தொடவில்லை. மாற்றுவழி இல்லாமலுமில்லை: சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்து டிங் ஜீக் லிங், ஹோ பௌ என்னும் விஞ்ஞானத் தம்பதியர், நண்டின் இரத்தமின்றியே அதே சோதனையைச் செய்யவல்ல பொருளை 1990களில் உருவாக்கினர். ஐரோப்பிய மருந்துநூல் அதனை 2021இல் ஏற்றது. அமெரிக்க மருந்துநூல் இத்தகைய மாற்றுகளை ஏற்க 2024 ஆயிற்று.

இங்கேதான் நமது முக்கிய முறைப்பாடு. தடை யார்மீது விழுந்தது? சிறு படகில் விலாங்குக் கூடும் சங்குக் கூடும் வைத்துப் பிழைத்த கடற்றொழிலாளி தன் இரையை இழந்தான். அதே கரையோர இனத்தினின்று இரத்தம் எடுக்கும் கம்பனி தொழிலைத் தொடர்ந்தது. மருந்தின் தூய்மை மனித உயிரைக் காப்பது என்பதை நாம் மறுக்கவில்லை; அதனால் அவ்விரு தொழில்களும் ஒன்றல்ல. ஆனால் சுமையை ஒருவன்மீது முழுதாக ஏற்றியபோது அதற்கு நியாயம் சொல்லும் பொறுப்பு எழுத்தாளனுக்கு உண்டு. ஒரு பறவையின் நிறை கிராம் கிராமாக நமக்குச் சொல்லப்படுகிறது. ஒரு மீனவக் குடும்பத்தின் வரவுசெலவு அவ்வாறு சொல்லப்படவில்லை. இரு நூல்களிலும் கடற்றொழிலாளி பெரும்பாலும் எதிர்வாதியாகவே வந்துபோகிறான்.

இக்கதையில் யாரும் பாடாத நாயகன் ஒன்று உண்டென்றால் அது ஒரு வலைப்பை. கூட்டினுள் நண்டை வெறுமனே இட்டால் மற்றைய பிராணிகள் அதனை விரைவில் தின்று தீர்த்துவிடும். ஒரு சிறு பையினுள் இட்டுத் தொங்கவிட்டால் மணம் கசியும், இரை நீடிக்கும். தேவை பாதியாகக் குறைகிறது. 1990களின் இறுதியிலிருந்து, நண்டினைக் காக்க முயன்றவர்கள் இப்பைகளை மீனவரிடையே பரப்பினர், மீனவரும் ஏற்றுக்கொண்டனர். நண்டையும் காத்துத் தொழிலாளியையும் காத்த ஏற்பாடு இது. ஒரு பை பி95ஐப் போலப் பறக்காது. எனவே அதற்குச் சிலையில்லை, நூலுமில்லை.

நூல்கள் வெளிவந்தபின் நிகழ்ந்த ஒன்றையும் இங்கு சேர்க்கவேண்டும். 2013 முதல் டெலவெயர் குடாப் பகுதி நண்டுகளில் ஆணைப் பிடிக்கலாம், பெண்ணைப் பிடிக்கலாகாது என்பதே ஆணைக்குழுவின் விதியாயிருந்தது. 2022இல் புதியதொரு கணிப்பு முறை, பெண் நண்டுகளையும் ஓரளவு பிடிக்கலாம் என்று காட்டியது. அதாவது, உபரி மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது! அதற்கு முந்திய ஆண்டில் குடாவில் எண்ணப்பட்ட பறவைகளோ ஏழாயிரத்துக்கும் குறைவு. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு நவம்பரில் ஆணைக்குழு கணிப்பு முறையை ஏற்றுக்கொண்டு, பெண் நண்டைத் தொடுவதில்லை என்ற நிலையை அடுத்த பருவத்துக்கும் நீடித்தது. 2023இல் கனெக்ரிகட் மாநிலம் நண்டுப்பிடியையே சட்டத்தால் நிறுத்தியது.

தமிழ் வாசகனுக்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்கலாம். நமது இலக்கியம் கரைப்பறவையை நன்கறிந்தது. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் வெள்ளாங்குருகுக்கு ஒரு பத்தும் சிறுவெண்காக்கைக்கு ஒரு பத்தும் ஒதுக்கினார். குறுந்தொகையிலே கபிலர், களவொழுக்கத்துக்குச் சாட்சியாய் ஒரு குருகை நிறுத்தியபோது, அதன் கண் காதலர்மேல் இல்லாது ஆரல் மீன்மேல் இருந்ததையும் சொல்லத் தவறவில்லை. தொல்காப்பியர் கருப்பொருளை வகுக்கையில் மக்களின் உணவையும் தொழிலையும் புள்ளையும் ஒரே பட்டியலில் வைத்தார். இரு அலுவலகங்களாகப் பிரிக்கவில்லை. இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் சூழலியலாளர் என்று முழங்குவோருடன் நாம் சேரமாட்டோம். நிலமும் தொழிலும் பறவையும் ஒருங்கே நோக்கப்பட்டன என்ற அளவே நாம் சொல்வது. பிற்காலத்திலோ, சத்திமுற்றப் புலவரின் நாரையை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, அது எதைத் தின்றது என்று கேட்காத மாணவரை நமது வகுப்பறைகள் ஆண்டுதோறும் வெளியேற்றுகின்றன.

மன்னாரின் சேற்றுத் திட்டுகளிலும் வங்காலையின் களப்பு வெளிகளிலும், மத்திய ஆசிய வான்வழியே வரும் உள்ளான்களும் கோட்டான்களும் ஆண்டுதோறும் இறங்குகின்றன. வங்காலை 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிற் சேர்ந்தது. டெலவெயர் குடாவிலே பறவையின் பெயராலும் மீனவனின் பெயராலும் பேசியவர்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றனர். மன்னாரிலே காற்றாலைத் திட்டம் பற்றிய தகராறில், 2024இல் சூழலியல் அமைப்புகள் உயர்நீதிமன்றம் சென்றபோது, மீனவரும் அதே பக்கத்தில் நின்று எதிர்த்தனர்; 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. இவ்வொற்றுமையின் காரணங்களை ஆராய்ந்து, கரையில் நின்று, கூடுவைப்பவனின் கணக்கையும் பறவையின் நிறையையும் ஒரே பக்கத்தில் எழுதும் நூல் நம்மவரிடமிருந்து இன்னும் வரவில்லை.

ஹூஸை மாணவருக்குத் தமிழாக்க விரும்பும் நண்பர் சிலர் நம்மிடம் யோசனை கேட்டதுண்டு. தமிழாக்கலாம், கிறேமரின் இரத்தம் பற்றிய பகுதிகளையும் வலைப்பை பற்றிய ஒரு குறிப்பையும் உடன் சேர்த்தால் மேலும் நன்று. கலைச்சொல்லுக்காக அகராதியைப் புரட்டவேண்டாம். உள்ளான் என்ற ஒரே சொல்லால் நாம் குறிக்கும் பத்துப் பன்னிரண்டு வகைப் பறவைகளை, பேசாலையிலும் விடத்தல்தீவிலும் வலை செப்பனிடும் முதியோர் எவ்வெப் பெயரால் அழைக்கின்றனர் என்று முதலிற் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.